சாப்பாட்டுக் கணக்குக்கு முன் கதை: உணவியல் நிபுணரிடம் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, பலதுறை மருந்தகத்தில் பயிற்சியில் இருக்கிறேன். ஒரு நோயாளிக்கு 30 நிமிடம்தான். அவர் கதையைக் கேட்க நேரம் ஏது?

பதில்: முதல் ஐந்து நிமிடம் போதும் தம்பி. ஆனால் அந்த ஐந்து நிமிடமும் குறுக்கே பேசாதீர்கள், கணினிப் பக்கம் திரும்பாதீர்கள். "நேற்று என்ன சாப்பிட்டீங்க?" என்று ஆரம்பித்தால் பாதியை மறைத்துத்தான் சொல்வார்கள். "நேற்று காலையில எழுந்ததிலேர்ந்து நாள் எப்படிப் போச்சு?" என்று கேளுங்கள். யார் சமைத்தது, இரவு வேலை முடிந்து எத்தனை மணிக்குப் பசித்தது, தனியாகச் சாப்பிட்டாரா, எல்லாம் தானாக வரும். "ஏன் சாப்பிட்டீங்க?" கூடவே கூடாது, அது குற்றம் சாட்டுவதாகத்தான் காதில் விழும். "அப்போ என்ன நடந்துக்கிட்டிருந்தது?" என்று கேட்கலாம். கேட்டதை இரண்டு வாக்கியத்தில் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று உறுதிசெய்துகொண்டு, "ஒரு யோசனை சொல்லலாமா?" என்று கேட்டபிறகே ஆலோசனை. கோப்பில் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதாதீர்கள். அவர் சொன்ன வார்த்தையையே எழுதுங்கள், அடுத்துப் பார்ப்பவருக்கு அதுதான் உதவும்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை. லிட்டில் இந்தியா தேக்காவில் நண்பர்களோடு தினமும் மூன்று தே தாரிக் (டின்பால் கலந்து ஆற்றிய தேநீர்). வீட்டில் கேட்டால் குடிக்கவே இல்லை என்கிறார்.

பதில்: மறைக்கிறார் என்றால் வீட்டில் விசாரணை கூடிவிட்டது என்று அர்த்தம். அங்கே அவருக்குப் பெரிது தேநீரா, நண்பர்களா என்று பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். நண்பர்கள் என்றால் அந்தச் சந்திப்பில் கை வைக்காதீர்கள், கோப்பையை மட்டும் மாற்றலாம். ஒரு மேசைக்கரண்டி டின்பாலில் (இனிப்பூட்டிய கெட்டிப்பால்) ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. முதல் கோப்பை அவர் இஷ்டம். மற்ற இரண்டும் தே சி சியூ டாய் (டின்பாலுக்குப் பதில் ஆவிப்பால், சர்க்கரை குறைவு), நாக்கு பழகியதும் தே சி கோசோங் (ஆவிப்பால் மட்டும், சர்க்கரை போடாதது). ஹெச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை சர்க்கரையின் இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது, அதனால் இரண்டு வாரத்தில் பலனைத் தேடி அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

கேள்வி: மாமியார் சனிக்கிழமை விரதத்தை விடமாட்டார். சர்க்கரை மாத்திரையும் சாப்பிடுகிறார். பயமாக இருக்கிறது அக்கா.

பதில்: விடச் சொல்லித் தொடங்காதீர்கள். யாருக்காக, எப்போதிலிருந்து இருக்கிறார் என்று கேளுங்கள். பால், பழத்துக்கு இடமுண்டா என்பதும் அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும். ஆனால் மாத்திரையின் பெயரைக் கட்டாயம் பாருங்கள். கிளிப்பிசைடு, கிளிக்லசைடு, இன்சுலின் எடுப்பவர் சாப்பாட்டைத் தவிர்த்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அது அரிது. எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் என்றால் பட்டினியில் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரும் அபாயம் உண்டு. எதுவானாலும் அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டியவர் மருத்துவர், அதுவும் விரதத்துக்கு முன்பே. நடுக்கம், வியர்வை வந்தாலோ இரத்தச் சர்க்கரை அளவு 4.0 mmol/L-க்குக் கீழே போனாலோ விரதத்தை உடனே முடித்து, 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். இதை இப்போதே அவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கனிவு, கதை என்று போனால் எண்களைக் கோட்டை விட்டுவிடமாட்டோமா?

பதில்: இரண்டும் வேண்டும். முயற்சி செய்யாமலே ஒரு மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ எடை குறைந்திருந்தால், அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள். கதையை அடுத்த சந்திப்பில் தொடரலாம்.