பர்ன் அட்ரஸுக்குப் போன ஈதரை யாராவது எடுத்துத் தர முடியுமா?

கேள்வி: பெங்களூரு கே.ஆர்.புரத்தில் இருக்கிறேன். ஐ.டி. வேலை. நான் வாங்காத சில டோக்கன்கள் என் கிரிப்டோ வாலட்டில் வந்து கிடந்தன. அவற்றை 'பர்ன்' செய்து, அதாவது எரித்து ஒழித்துவிடலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்து, பூச்சியங்களாக வந்து 'டெட்' என்று முடியும் பர்ன் அட்ரஸுக்கு அனுப்பினேன். மறுநாள் ஓசூரில் இருக்கும் தம்பிக்கு 0.3 ஈதர் (கிரிப்டோ நாணயம்) அனுப்பும்போது, வாலட் காட்டிய பழைய முகவரிகளில் அதையே தொட்டுவிட்டேன். டெலிகிராம் குழு ஒன்றில் அறிமுகமானவர், நம்ம தமிழர்தான், அந்த முகவரியின் பிரைவேட் கீயை (பணத்தை எடுக்கும் ரகசியச் சாவியை) மென்பொருள் வைத்து எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். 18,000 ரூபாய் கேட்டார். 3,000 யு.பி.ஐ.யில் அனுப்பிவிட்டேன். இப்போது என் வாலட்டைத் திறக்கும் 12 ரகசியச் சொற்களையும் கேட்கிறார். கொடுக்கலாமா? பணம் திரும்ப வருமா? வராவிட்டால் வருமான வரியில் நஷ்டமாகக் காட்ட முடியுமா?

பதில்: கொடுக்காதீர்கள். மீதி 15,000-ஐயும் கொடுக்காதீர்கள். அந்த 0.3 ஈதர் திரும்ப வராது, அதை எடுத்துத் தர யாராலும் முடியாது. ஆனால் வாலட்டில் மிச்சம் இருப்பது இன்னும் உங்களுடையதுதான். அவருடைய குறியும் அதன் மேல்தான். பர்ன் அட்ரஸின் கீயை எடுக்க உங்கள் வாலட்டின் சொற்கள் எதற்கு? இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பெங்களூரில் தமிழில் நாலு வார்த்தை பேசுகிறவரை நாம் கொஞ்சம் சீக்கிரமாகவே நம்பிவிடுகிறோம். அது மோசடிக்காரர்களுக்கும் தெரியும்.

ஏன் முடியாது என்று சொல்கிறேன். பிரைவேட் கீ என்பது மிகப் பெரிய ஓர் எண். 256 பிட் நீளம். உங்கள் வாலட் செயலி முதலில் 2,048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து 12 சொற்களைக் குலுக்கல் முறையில் அமைத்து, அவற்றிலிருந்து அந்த எண்ணைக் கணக்கிடுகிறது. அந்த எண்ணிலிருந்து பப்ளிக் கீ, அதாவது வெளியே காட்டக்கூடிய எண். ஈதர் ஓடும் நெட்வொர்க்கான ஈதீரியத்தில் பப்ளிக் கீயை 'கெச்சாக்-256' என்ற ஹேஷ் கணக்கில் போட்டு, வரும் விடையின் கடைசி 20 பைட்டை எடுத்தால் அதுதான் முகவரி, 40 எழுத்து. இந்த வழியில் முன்னே போகலாம், பின்னே வர முடியாது. அரைத்த மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாத மாதிரி.

பர்ன் அட்ரஸில் நடந்தது இன்னும் விசித்திரம். அங்கே யாரும் அரிசியே போடவில்லை. வாலட் எதுவும் திறக்கப்படவில்லை, பிரைவேட் கீ எதுவும் உருவாக்கப்படவில்லை. முகவரி எழுதும் முறையில் 0 முதல் 9 வரை எண்களும் ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் வரும். அவற்றை வைத்து, முன்னால் பூச்சியமும் கடைசியில் 'டெட்' என்பதுமாக யாரோ கையால் எழுதி வைத்த முகவரி அது. பரிவர்த்தனைகள் பதிவாகும் பிளாக்செயினுக்கு வடிவம் சரியாக இருந்தால் போதும், சாவி யாரிடம் இருக்கிறது என்று அது கேட்பதில்லை. பணம் உள்ளே போகும். வெளியே எடுக்கக் கையெழுத்து வேண்டும், கையெழுத்துக்குக் கீ வேண்டும். அது யாரிடமும் இல்லை.

கணக்குத் தெரிந்த ஒருவர் இங்கே ஒரு நியாயமான சந்தேகம் கேட்பார். கீகளின் எண்ணிக்கை முகவரிகளின் எண்ணிக்கையைவிட எவ்வளவோ அதிகமாயிற்றே, அப்படியென்றால் இந்த முகவரிக்குப் பொருந்துகிற கீயும் எங்கோ இருக்கத்தானே வேண்டும்? அநேகமாக இருக்கிறது. கண்டுபிடிக்கத்தான் வழியில்லை. சாத்தியமான முகவரிகள் 2-இன் 160-ஆம் அடுக்கு, அதாவது 1-க்குப் பின்னால் 48 பூச்சியம் போடுகிற அளவு. நொடிக்கு ஒரு லட்சம் கோடி கீகளை முயன்று பார்க்கும் இயந்திரம் கிடைத்தாலும், பிரபஞ்சத்தின் வயதைப் போல 30,000 கோடி கோடி மடங்குக்கு மேல் காத்திருக்க வேண்டும். டெலிகிராம் நண்பர் எத்தனை நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னார்?

அவர் உங்களுக்கு ஒரு டெமோ காட்டினாலும் காட்டுவார், இனிமேல். பூச்சியங்களோடு தொடங்கும் ஒரு முகவரியையும், அதன் கீயையும் திறந்து காட்டி, 'பார்த்தீர்களா' என்பார். அது உண்மையாகவே இருக்கலாம். முதல் 8 எழுத்து மட்டும் பூச்சியமாக வர வேண்டுமென்றால் சராசரியாக 429 கோடி முயற்சி போதும், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் செய்துவிடலாம். ஆனால் ஒவ்வோர் எழுத்து கூடும்போதும் வேலை 16 மடங்காகிறது. 8 எழுத்திலிருந்து 40-க்குப் போவதற்குள் அது எங்கேயோ போய்விடும்.

2022 செப்டம்பரில் விண்டர்மியூட் என்ற கிரிப்டோ நிறுவனம் சுமார் 16 கோடி டாலரை இழந்த செய்தியையும் சிலர் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். பூச்சியங்களில் தொடங்கும் முகவரியை உடைத்தார்களே என்று. அங்கே நடந்தது வேறு. அந்த முகவரி 'புரொஃபானிட்டி' என்ற கருவியால் உருவாக்கப்பட்டது. அந்தக் கருவி 256 பிட் கீயை வெறும் 32 பிட் விதையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. ஆக மொத்தம் 429 கோடி தொடக்கப் புள்ளிகள்தான், எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்க முடிந்தது. பலவீனம் கீயை உருவாக்கிய முறையில் இருந்தது. கீயே உருவாக்கப்படாத முகவரியில் உடைக்க என்ன இருக்கிறது?

'அந்த முகவரியின் கீ வெறும் பூச்சியம்' என்று சொல்பவர்களும் உண்டு. பூச்சியம் செல்லுபடியாகும் கீ அல்ல, வரிசை 1-இலிருந்துதான் தொடங்குகிறது. 1-ஐக் கீயாகக் கொண்ட முகவரி நிஜமாகவே இருக்கிறது. அதன் கீ ஊருக்கே தெரியும் என்பதால் அங்கே எதையாவது அனுப்பினால் பாட்கள் (தானாக இயங்கும் நிரல்கள்) உடனே துடைத்து எடுத்துவிடும்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். 2014 ஜனவரியில் கவுண்டர்பார்ட்டி என்ற திட்டத்துக்காக 2,000-க்கும் மேற்பட்ட பிட்காயின்களைப் பர்ன் அட்ரஸுக்கு அனுப்பினார்கள். 2021 மே மாதத்தில் ஈதீரியத்தை உருவாக்கிய விட்டாலிக் பியூட்டரின், தனக்கு யாரோ அனுப்பி வைத்த ஷிபா இனு டோக்கன்களில் 410 லட்சம் கோடியை, உங்களுடையதைப் போன்ற வேறொரு பர்ன் அட்ரஸுக்குத் தள்ளினார். அன்றைய விலையில் அது 600 கோடி டாலருக்கு மேல். இந்தக் கீகளை எடுக்கத் தெரிந்தவர் உங்களிடம் 18,000 ரூபாய் கேட்டு மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்க மாட்டார்.

தவறாக அனுப்பியதெல்லாம் போய்விடும் என்றும் இல்லை. தம்பியின் முகவரி சரியாக இருந்து, ஈதீரியத்துக்குப் பதில் பாலிகான் போன்ற வேறு நெட்வொர்க்கில் அனுப்பியிருந்தால் கவலை இல்லை. அதே கீ அங்கேயும் செல்லும், அவர் வாலட்டில் அந்த நெட்வொர்க்கைச் சேர்த்தால் தெரியும். எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) முகவரிக்குத் தவறான நெட்வொர்க்கில் போயிருந்தால் கீ எக்ஸ்சேஞ்சிடம் இருக்கிறது, அவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். உங்களுடையது இந்த இரண்டிலும் சேராது.

சரி, இன்றைக்கே செய்ய வேண்டியது: 1930-க்கு அழையுங்கள், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதியுங்கள். புகார் 0.3 ஈதரைப் பற்றியது அல்ல, ஏமாற்றி வாங்கிய 3,000 ரூபாயைப் பற்றியது. யு.பி.ஐ. பரிவர்த்தனை எண், டெலிகிராம் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் இரண்டும் வேண்டும். அவரோடு சண்டை போட்டால் உரையாடலை இரு பக்கமும் அழித்துவிட்டுப் போய்விடுவார், அதனால் முதலில் ஸ்கிரீன்ஷாட். பணம் அவர் கணக்கில் இருக்கும்வரைதான் முடக்கி வைக்க முடியும், தாமதிக்க வேண்டாம். நேரில் போவதென்றால் உங்கள் பகுதிக்கான சி.இ.என். காவல் நிலையம். சைபர், பொருளாதார, போதைப்பொருள் குற்றங்களுக்காகக் கர்நாடகக் காவல்துறை தனியாக வைத்திருப்பது அதுதான்.

12 சொற்களில் சிலவற்றை ஏற்கெனவே அனுப்பியிருந்தாலோ, ஸ்கிரீன்ஷாட்டில் தெரிந்திருந்தாலோ, அந்த வாலட் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். செயலியின் பாஸ்வேர்டை மாற்றுவதால் ஒரு பயனும் இல்லை. அது உங்கள் போனைத்தான் பூட்டுகிறது, கீயை அல்ல. புதிய 12 சொற்களோடு புதிய வாலட் திறந்து எல்லாவற்றையும் மாற்றுங்கள். டோக்கன்களை முதலில் அனுப்புங்கள், ஈதர் கடைசியில். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் நெட்வொர்க் எடுக்கும் 'கேஸ்' கட்டணம் ஈதரில்தான் போகும், அதை முதலில் காலி செய்தால் டோக்கன்கள் சிக்கிக்கொள்ளும்.

அப்புறம், தானாக வந்து விழும் டோக்கன்களை எரிக்கப் போகாதீர்கள். அவை விளம்பரக் குப்பை. பெயரிலேயே ஓர் இணைய முகவரி இருக்கும், அங்கே போய் 'கிளெய்ம்' அழுத்தினால் உங்கள் மற்ற டோக்கன்களை எடுக்க அனுமதி கொடுத்துவிடுவீர்கள். எரிப்பதற்குக் கேஸ் செலவு வேறு. வாலட்டில் 'ஹைட்' என்றொரு வசதி இருக்கிறது, அது போதும். பழைய முகவரிப் பட்டியலிலிருந்து எடுத்து அனுப்பும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். முதலும் கடைசியும் ஒரே மாதிரி தெரியும் போலி முகவரியிலிருந்து பூச்சியத் தொகை அனுப்பி அந்தப் பட்டியலில் நுழைகிற மோசடி பரவலாக நடக்கிறது. தம்பியின் முகவரியைப் பெயரோடு சேமித்து, முதலில் சின்னத் தொகை அனுப்பி, வந்ததா என்று போனில் கேட்டுவிட்டு மீதியை அனுப்புங்கள்.

வரியில் நல்ல செய்தி இல்லை. கிரிப்டோ லாபத்துக்கு 2022 ஏப்ரலிலிருந்து 30 சதவீத வரி. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்திலோ சம்பளத்திலோ கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. விற்றதில் வந்த நஷ்டத்துக்கே இந்த நிலை. நீங்கள் விற்கவும் இல்லை. ஆனாலும் அந்தப் பரிவர்த்தனையின் ஹேஷையும் (அதன் அடையாள எண்), ஈதர் வாங்கியபோது எக்ஸ்சேஞ்ச் கொடுத்த கணக்கையும் பத்திரமாக வையுங்கள். வாங்கிய ஈதர் எங்கே என்ற கேள்வி பின்னால் வந்தால் காட்ட வேண்டியிருக்கும். ரிட்டர்ன் போடும் முன் ஆடிட்டரிடமும் சொல்லிவிடுங்கள்.