மூளை செல்களுக்கு நிறம் ஏற்றிப் பார்ப்பது எதற்காக?

புதுச்சேரியிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: எந்த மூளை செல் எதிலிருந்து பிறந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கடலூர் துறைமுகத்தில் குவித்துப் போட்ட வலைகளைப் பார்த்திருப்பீர்கள். எல்லாம் ஒரே நிறமென்றால் எந்த நூல் எங்கே போகிறதென்று பிரிக்கவே முடியாது. நரம்பு செல்களும் அப்படித்தான் பின்னிக் கிடக்கின்றன.

இதற்கு 2007-இல் ஹார்வர்டில் லிவே, சேன்ஸ், லிக்ட்மன் குழு ‘பிரெய்ன்போ’ முறையை எலிகளில் செய்து காட்டியது. ஒளிரும் புரதங்கள் மூன்று நான்கிற்கான மரபணுக்களைச் செல்லுக்குள் பல பிரதிகளாக வைக்கிறார்கள். கிரீ என்ற நொதி டி.என்.ஏ.வை வெட்டி ஒட்டும்போது, ஒவ்வொரு பிரதியிலும் ஏதோ ஒரு நிறம் தற்செயலாகத் தேர்வாகும். மூன்று கோலப்பொடிகளை வெவ்வேறு அளவில் கலப்பதுபோல, சுமார் 90 நிறங்கள் கிடைத்தன!

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த விஷயம். வெளியிலிருந்து சாயம் ஏற்றினால், செல் பிரியப் பிரிய வெளுத்துவிடும். இங்கே நிறம் டி.என்.ஏ.விலேயே பதிந்திருக்கிறது. அதனால் வளரும் மூளையில் ஒரு தாய் செல்லுக்கு நிறம் கொடுத்தால், அதன் வாரிசுகள் எல்லாம் அதே நிறத்தில் மின்னும். அப்புறம் நுண்ணோக்கியில் குடும்பம் குடும்பமாகப் பார்க்கலாம்.

ஆனால் அக்கம்பக்கத்து செல்கள் இரண்டுக்குத் தற்செயலாக ஒரே நிறம் விழவும் வாய்ப்புண்டு. நிறங்கள் கூடக்கூட அந்தக் குழப்பம் குறையும்.