ரெஸ்ட் எடுக்க எங்கங்க நேரம்? – உங்க கேள்வி, என் பதில்

கேள்வி: ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் லீவு, எனக்கு மட்டும் டபுள் வேலை. மட்டன் வாங்கிக் குடுத்துட்டு அவர் டிவி முன்னாடி உக்காந்துடுவார். நான் சாப்பிட உக்காரவே மூணு மணி ஆயிடுது.

உங்க வீட்டுல மட்டும் இல்லைங்க. மத்திய அரசு 2019-ல எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வேல, வீட்டு வேலைக்குப் பொம்பளைங்க ஒரு நாளைக்கு சராசரியா 299 நிமிஷம், ஆம்பளைங்க 97 நிமிஷம்னு வந்துச்சு, அந்த 97-ம் வீட்டு வேலைல கை வைக்கிற ஆம்பளைங்கள மட்டும் வச்சுப் போட்ட கணக்கு! "கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க"னு மட்டும் கேக்காதீங்க, நாலு வெங்காயத்த உரிச்சுக் குடுத்துட்டு எந்திரிச்சுப் போயிடுவாங்க. ஒரு வேலைய முழுசா ஒப்படைச்சுடுங்க. ஞாயிறு நைட் டிபன் அவரோடதுன்னா, மாவு இருக்கானு பாக்குறதுல ஆரம்பிச்சு சிங்க்ல கிடக்குற பாத்திரம் வரைக்கும் அவர்தான். தோசை கருகட்டும், சட்னிக்குப் பதிலா பொடிய வைக்கட்டும், நீங்க கிச்சன் பக்கமே போகாதீங்க, "உப்பு எங்க இருக்கு"னு கூப்பிட்டாலும் ரூம்ல இருந்தே சொல்லுங்க. ஒரு தடவ எட்டிப் பாத்தீங்கன்னா மறுபடியும் உங்க தலைலதான் விடியும்.

கேள்வி: ஜவுளிக்கடைல சேல்ஸ்ல இருக்கேன். நாள் முழுக்க நின்னு நின்னு சாயங்காலம் காலு வீங்கிடுது. ஸ்டூல் இருக்கு, உக்காந்தா சூப்பர்வைசர் மொறைக்கிறார்.

அவர் மொறைக்கிறது சட்டப்படியே தப்பு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துல 2021-ல திருத்தம் கொண்டுவந்து, வேலை செய்யுறவங்களுக்கு சீட் போடணும், கஸ்டமர் இல்லாதப்ப உக்காரவும் விடணும்னு ஆக்கிட்டாங்க. தனியா போய்க் கேக்க பயமா இருந்தா நாலு பேரா சேந்து கேளுங்க, மசியலைன்னா தொழிலாளர் துறை ஆபீஸ் இருக்கு. அதுவரைக்கும் நிக்கிற இடத்துலயே அடிக்கடி குதிகால தூக்கித் தூக்கி இறக்குங்க, ஆடுசதை வேலை செஞ்சாதான் கால்ல தேங்குற ரத்தம் மேல ஏறும். வீட்டுக்குப் போனதும் கால தலகாணி மேல தூக்கி வச்சு ஒரு கால் மணி நேரம் படுங்க. ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா இதெல்லாம் பண்ணிட்டு இருக்காதீங்க, உடனே டாக்டர்கிட்ட போயிடுங்க.

கேள்வி: அலுப்பா வந்தும் ராத்திரி ஒரு மணி வரைக்கும் ரீல்ஸ் பாக்குறேன். ஏன்?

பகல் பூரா உங்களுக்குன்னு ஒரு நிமிஷம் கிடைக்கல, அதான் தூக்கத்துல இருந்து புடுங்கிக்கிறீங்க. ஆபீஸ் விட்டு வந்ததும் அரை மணி நேரம் யாருக்கும் பதில் சொல்லாம இருக்க வழி பண்ணுங்க, மொட்டைமாடியோ டீக்கடையோ எதுவானாலும் சரி. சார்ஜர ஹால்ல வச்சுடுங்க.

கேள்வி: மத்தியானம் தூங்கலாமா?

தாராளமா, ஆனா அலாரம் வச்சு 20 நிமிஷம், அதுவும் மூணு மணிக்குள்ள. ஒரு மணி நேரம் தூங்குனா எந்திரிக்கும்போது தலை கனமாத்தான் இருக்கும். அதுக்குன்னு அஞ்சு மணிக்கு ஸ்ட்ராங்கா ஒரு ஃபில்டர் காபி போட்டீங்கன்னா, அதுல இருக்குற கஃபைன்ல பாதி ராத்திரி பத்து மணிக்கும் உடம்புலதான் சுத்திட்டு இருக்கும்.