வாசகர் கேள்வி-பதில்: யுரென்கோ

கேள்வி: யுரென்கோ எந்த நாட்டு நிறுவனம்? யுரேனியத்தை எப்படிச் செறிவூட்டுகிறார்கள்?

பதில்: ஒரு நாட்டுக்குச் சொந்தமில்லை. 1970-ல் பிரிட்டன், நெதர்லாந்து, மேற்கு ஜெர்மனி செய்துகொண்ட அல்மெலோ ஒப்பந்தத்தில் பிறந்தது. இன்று பிரிட்டிஷ், டச்சு அரசுகளிடம் மூன்றில் ஒரு பங்கு வீதம் இருக்கிறது. மீதி ஜெர்மன் மின் நிறுவனங்களான இ.ஆன், ஆர்டபிள்யூஇ கையில்.

இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுபடும் லேசான வகையான யு-235 வெறும் 0.711%. மற்றது ஏறக்குறைய எல்லாம் கனமான யு-238. யு-235-ன் பங்கைக் கூட்டுவதுதான் செறிவூட்டல். சாதாரண நீரில் இயங்கும் பெரும்பாலான மென்னீர் அணு உலைகளுக்கு 3 முதல் 5% வேண்டும். யுரேனியமும் ஃபுளோரினும் சேர்ந்த யுரேனியம் ஹெக்ஸாஃபுளோரைடாக, சுமார் 12.5 டன் கொள்ளும் 48ஒய் என்ற வகை உருளையில் சரக்கு வருகிறது. சூடாக்கினால் திடப்பொருள் வாயுவாகும். அது வெற்றிடத்தில் அதிவேகமாகச் சுழலும் குழாய்களுக்குள் போகிறது. கனமான யு-238 சுவரை ஒட்டும், லேசானது நடுப்பக்கம் தங்கும். ஒரு குழாயில் கிடைக்கும் பிரிவு மிகக் குறைவு. அதனால்தான் வரிசை வரிசையாக இணைக்கிறார்கள்.

உள்ளே அழுத்தம் காற்றழுத்தத்தைவிடக் குறைவு. கசிந்தால் வெளிக்காற்றுதான் உள்ளே நுழையும். அதன் ஈரம் பட்டதும் ஹைட்ரஜன் ஃபுளோரைடும் யுரேனைல் ஃபுளோரைடு என்ற பொடியும் உண்டாகும். பொடி படிந்தால் சுழலும் குழாயின் சமநிலை கெடும். ஆகவே இறுக்கமான இணைப்புகள்தான் இந்த ஆலையின் உயிர்.

கேள்வி: 1 கிலோ எரிபொருளுக்கு எவ்வளவு யுரேனியம் செலவாகும்?

பதில்: 4.5% செறிவுக்கு, பிரித்தபின் மிஞ்சும் எச்சத்தில் 0.25% யு-235 விட்டால், சுமார் 9.2 கிலோ இயற்கை யுரேனியம். மீதி 8.2 கிலோ, யு-235 குறைந்துபோன வறிய யுரேனியம். கல்பாக்கத்தின் கனநீர் (கனமான ஹைட்ரஜன் கொண்ட நீர்) உலைகள் இயற்கை யுரேனியத்திலேயே ஓடுவதால் அவற்றுக்கு இந்த வேலையே தேவையில்லை.