பிட்ஸ்ஹேங்கர் மாளிகையின் தென்சிறகு பிற்சேர்க்கையா?

வணக்கம். லண்டன் ஈலிங்கில் முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலிலுள்ள பிட்ஸ்ஹேங்கர் மாளிகையின் தென்சிறகு, முகப்போடு ஒட்டாமல் நிற்பதால் அதைப் பிற்சேர்க்கை என்று ஆய்வேட்டில் எழுதலாமா எனக் கேட்டிருந்தீர்கள். எழுத வேண்டாம், அதுதான் மூத்த பகுதி. 1800இல் வீட்டை வாங்கிய கட்டடக் கலைஞர் ஜான் சோன், பெரும்பகுதியை இடித்துவிட்டு, தம் ஆசான் ஜார்ஜ் டான்ஸ் 1768இல் கட்டிய இச்சிறகை மட்டும் விட்டுவைத்தார். அதே ஆண்டில்தான் 15 வயதுச் சிறுவனாக அவரிடம் தொழில் பழகச் சேர்ந்திருந்தார் என்பதால், அம்முடிவில் பாசமும் கலந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

முகப்பின் நான்கு அயோனியத் தூண்களை (தலைப்பகுதியில் சுருள் வடிவம் கொண்ட கிரேக்கப் பாணித் தூண்கள்) அருகில் சென்று பாருங்கள்: அவை கூரையைத் தாங்கவில்லை, ஒவ்வொன்றின் உச்சியிலும் சுட்ட செயற்கைக் கல்லாலான ஒரு பெண் சிலை நிற்கிறது. ரீஜென்சி கட்டடப் பாணிக்குப் பெயர் தந்த ரீஜென்சி ஆட்சி, அதாவது நோயுற்ற மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குப் பதிலாக அவர் மகன் ஆண்ட காலம், 1811இல்தான் தொடங்கியது. ஆகவே 1804இல் முடிந்த சோனின் பகுதியை அப்பாணியின் முன்னோடி எனக் குறிப்பிடுவதே பொருந்தும்.