லெபர்ட் கெக்கோ வாங்குமுன்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 12 வயது மகள் லெபர்ட் கெக்கோ என்ற பல்லி வேண்டும் என்று நச்சரிக்கிறாள். கடையில் ஒரு 'ஸ்டார்ட்டர் கிட்' காட்டினார்கள்: இரண்டடிக் கண்ணாடித் தொட்டி, மணல், சிவப்பு பல்பு, ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு). பல்லியையும் சேர்த்து எடுத்தால் விலைக்கழிவு உண்டாம். எடுக்கலாமா? (ஒரு தாய், ஹரோ, லண்டன்)

பதில்: அந்தக் கிட்டில் முக்கியமான சாமான் ஒன்று இல்லை, கவனித்தீர்களா? சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட். அது இல்லாத ஹீட் மேட்டில் சூடு ஏறிக்கொண்டே போகலாம்; மேலே படுத்திருக்கும் பல்லியின் வயிறு வெந்துபோகும். தொட்டியின் ஒரு பக்கம் 32 பாகை, மறுபக்கம் 24 பாகை அளவில் இருக்க வேண்டும். எங்கே படுப்பது என்பதைப் பல்லியே பார்த்துக்கொள்ளும்.

மணலையும் விட்டுவிடுங்கள். இது மணல்மேட்டுப் பிராணி இல்லை. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியா பக்கத்துப் பாறையும் இறுகிய மண்ணும்தான் இதன் ஊர். இரையோடு மணலையும் விழுங்கினால் குடல் அடைபடும். ஸ்லேட் ஓடு போதும். ஆரம்பத்தில் கிச்சன் பேப்பரே நல்லது, மலத்தைப் பார்த்து உடல்நிலையை அறியலாம். சிவப்பு பல்பு தேவையே இல்லை. தொட்டி மூன்றடி நீளமாவது இருக்கட்டும். ஆகவே விலைக்கழிவைப் பார்த்து மயங்காமல் சாமான்களைத் தனித்தனியாக வாங்குங்கள். தொட்டியைத் தயார்செய்து, சூட்டை ஒரு வாரம் அளந்து பார்த்த பிறகு பல்லியை எடுங்கள்.

கரண்ட் செலவுக்குப் பயப்பட வேண்டாம். சூட்டுக்காக 50 வாட் சாதாரண பல்பு நாளுக்கு 12 மணிநேரம் எரிந்தாலும் மாதம் 18 யூனிட். யூனிட் 25 பென்ஸ் என்று வைத்தாலும் நாலரை பவுண்ட்தான்.

பல்லியைத் தேர்ந்தெடுக்கும்போது வாலைப் பாருங்கள். கொழுப்பைச் சேமிப்பது அங்கேதான்; கழுத்தளவுக்காவது தடித்திருக்க வேண்டும். பிறகு விரல்கள்: உரிந்த பழைய தோல் வளையமாக இறுகியிருந்தால் விரலே போய்விடும். கண் தெளிவாக, நடக்கும்போது வயிறு தரையில் இழுபடாமல் இருக்க வேண்டும். "இரை எடுப்பதை ஒருதரம் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு கடை.

வண்ணத்துக்காக அதிகக் காசு கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 'லெமன் ஃப்ராஸ்ட்' என்ற மஞ்சள் வகையில் பெரும்பாலானவற்றுக்குத் தோலில் புற்றுக்கட்டி வருவது ஆய்வில் தெரியவந்த விஷயம். 'எனிக்மா' வகையில் தலை சாய்ந்து, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும் நரம்புக் கோளாறு உண்டு. சாதாரண மஞ்சள்-கறுப்புப் புள்ளிக்காரனே போதும்.

இன்னொன்று. இங்கிலாந்தில் 16 வயதுக்குட்பட்டவருக்குப் பிராணி விற்கச் சட்டம் இடம் தருவதில்லை. பில் உங்கள் பெயரில்தான் வரும். இது 15, 20 வருடம் உயிர்வாழும். மகள் யூனிவர்சிட்டிக்குப் போனபின் வெட்டுக்கிளி பிடித்துப் போடப் போவது யார் என்று இப்போதே பேசிவிடுங்கள். ஆமாம், உயிருள்ள பூச்சிதான், அதிலும் கால்சியம் தூள் தூவி. வெள்ளிக்கிழமை மரக்கறி வீடானாலும் இதற்குக் கீரை கொடுக்க முடியாது.

கேள்வி: வாங்கி ஒன்பது நாளாகிறது. ஒன்றும் சாப்பிடவில்லை, வாலும் மெலிகிறது. "உயிர்ப் பிராணி திருப்பி எடுக்கப்படாது" என்று கடையில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். காசு போனதுதானா? (ஈஸ்ட் ஹாம் வாசகர்)

பதில்: அந்த அறிவிப்பால் உங்கள் உரிமை பறிபோகாது. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் பிராணியும் ஒரு பொருள்தான். குறையோடு விற்றிருந்தால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். ஆனால் குறை வாங்கும்போதே இருந்தது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். புது இடத்தில் ஒரு வாரம் சாப்பிடாமல் இருப்பது மட்டும் குறை ஆகாது, இது சகஜம். வால் மெலிவதுதான் கவலை. கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணி இருந்தால் வால் குச்சிபோல் ஆகிவிடும். அதற்கு நம்பகமான மருந்து கிடையாது.

இன்றே ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியரிடம் மலத்தைப் பரிசோதிக்கக் கொடுத்து, அறிக்கையை எழுத்தில் வாங்குங்கள். தொட்டியின் சூட்டளவையும் படம் எடுத்து வையுங்கள்; "உங்கள் பராமரிப்புதான் சரியில்லை" என்பதுதான் கடைக்காரரின் முதல் பதிலாக இருக்கும். அப்புறம் மின்னஞ்சலில் எழுதுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். உரிமம் உள்ள கடை, வளர்ப்பு முறையையும் ஆயுளையும் பற்றிய தகவலை உங்களுக்குத் தந்திருக்க வேண்டும். தராவிட்டால் உரிமம் கொடுத்த கவுன்சிலில் முறையிடலாம். பல்லியின் விலை மட்டுமே 100 பவுண்டைத் தாண்டி, கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் கார்டு நிறுவனத்திடமும் கேட்கலாம்.

வியாபாரியாக இல்லாத தனியாரிடம் வாங்கியிருந்தால் கதை வேறு. சொன்னதற்கு மாறாக இருந்தால் மட்டுமே பிடி உண்டு. அதனால் விளம்பரத்தையும் குறுஞ்செய்திகளையும் அழிக்காதீர்கள்.

கேள்வி: மகன் தூக்கும்போது வால் கழன்று விழுந்துவிட்டது! துடித்துக்கொண்டே கிடந்தது. தைக்க வேண்டுமா? (மிட்சம் வாசகர்)

பதில்: வேண்டாம். எதிரியிடமிருந்து தப்ப அதுவாகவே கழற்றும் வால் அது. தொட்டியில் கிச்சன் பேப்பர் மட்டும் விரித்துச் சுத்தமாக வையுங்கள். வீங்கினாலோ சீழ் வைத்தாலோ வைத்தியரிடம் போங்கள். சில மாதங்களில் புது வால் முளைக்கும், ஆனால் குட்டையாக, உருண்டையாக, முன்போல் அழகில்லாமல்.

காயம் ஆறியபின் தூக்கலாம். மேலிருந்து பிடித்தால் பருந்து என்றே நினைக்கும். மாலையில், தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையை வயிற்றுக்கடியில் நுழைத்து ஏந்தச் சொல்லுங்கள். ஐந்து, பத்து நிமிடம் போதும். வாலை உயர்த்தி மெல்ல ஆட்டினால் "கிட்ட வராதே" என்று அர்த்தம்; விட்டுவிட வேண்டும். தூக்கியபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம், சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி ஒட்டலாம்.

கேள்வி: அம்மம்மாவுக்குப் பல்லி தலையில் விழுமோ என்று பயம். (அதே வாசகர்)

பதில்: இதன் விரலில் ஒட்டும் பட்டை கிடையாது. சுவரேறாது, கூரைக்கும் போகாது. அம்மம்மா பஞ்சாங்கத்தைப் புரட்ட வேண்டியதில்லை.