ட்ராக் டேயில் பெடல் அடிவரை இறங்கினால் முதலில் எதை மாற்றுவது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னிடம் 2008 சுசுகி ஸ்விஃப்ட் இருக்கிறது. முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு ட்ரம். கட்டுக்குருந்த ஓட்டத் தடத்தில், சொந்தக் காரை வேகமாக ஓட்டிப் பார்க்கும் ஒரு ட்ராக் டேக்குப் போனேன். முதல் சில சுற்றுகளில் பிரேக் நன்றாகப் பிடித்தது. பிறகு பெடல் பஞ்சு மாதிரியாகி அடிவரை இறங்கிவிட்டது. இரண்டு மூன்று தரம் அமத்தித்தான் காரை நிறுத்தினேன். அடுத்த நாள் கராஜில் காட்டினால், மெக்கானிக் பாஸ் ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரு பிழையும் இல்லை என்கிறார். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகச் சந்தையில் நாலு பிஸ்டன் சிவப்புக் கலிப்பர் செட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். பின் ட்ரம்மையும் டிஸ்க்காக மாற்ற யோசனை. நானும் மச்சானும் வீட்டிலேயே செய்யலாமா?"

வீட்டில் செய்யலாம், ஆனால் செய்ய வேண்டிய வேலை வேறு. பேடை டிஸ்க்கில் அழுத்தும் அந்தக் கலிப்பரும் வேண்டாம், பின் டிஸ்க்கும் வேண்டாம். பிரேக் ஒயிலை மாற்றுங்கள், டிஸ்க்கில் உரசி நிறுத்தும் முன் பேடை மாற்றுங்கள். அந்தச் சிவப்பு செட்டுக்கு வைத்திருக்கும் காசில் சிறு பங்குதான் போகும்.

கராஜில் சொன்னது பொய்யில்லை. அன்று கட்டுக்குருந்தவில் உங்கள் பிரேக் ஒயில் கொதித்திருக்கிறது. திரவம் அமுங்காது, அதனால்தான் நீங்கள் பெடலில் கொடுக்கும் அழுத்தம் அப்படியே கலிப்பருக்குப் போகிறது. கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் குமிழ் அமுங்கும், பெடல் இறங்கும், பேட் அசையாது. கார் ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும். அடுத்த நாள் காலை கராஜ் வாசலில் பெடல் பழையபடி இருந்ததில் வியப்பில்லை.

பேட் சூடாகித் தோற்றுப்போவது வேறு கதை. அப்போது பெடல் கல் மாதிரி உறுதியாக இருக்கும், எவ்வளவு மிதித்தாலும் கார் மட்டும் நிற்காது. பேடிலுள்ள பிசின் சூட்டில் வாயுவாகி, டிஸ்க்குக்கும் பேடுக்கும் நடுவே பிடிமானத்தைக் கெடுப்பதால் வருவது அது. பெடல் மென்மையாகிறதா, கல்லாகிறதா என்று கால் சொல்வதைக் கவனித்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். இன்னும் ஒரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். முன் சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பெயரிங்கில் ஆட்டம் இருந்தால் வளைவில் டிஸ்க் பேடைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அப்போதும் முதல் மிதி ஆழமாக இறங்கி, இரண்டாவது மிதியில்தான் பிடிக்கும்.

வெப்பம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடலாம். ஓட்டுபவரோடு சேர்த்து 1100 கிலோ என்று வைப்போம். 130 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 60க்கு இறக்கினால் ஏறத்தாழ 560 கிலோ ஜூல் சக்தி பிரேக்கில் வெப்பமாக வேண்டும். அதில் முக்கால் பங்கு முன் டிஸ்க்குகளுக்கு. இரண்டு டிஸ்க்கும் சேர்த்து 9 கிலோ வார்ப்பிரும்பு என்றால், ஒரே ஒரு மிதியில் அவற்றின் வெப்பநிலை கிட்டத்தட்ட 100 பாகை ஏறும். அடுத்த வளைவு வருவதற்குள் அது முழுவதும் ஆறாது. மறுபடி ஒரு மிதி, மறுபடி ஏற்றம். நுவரெலியாவில் 1934 முதல் நடக்கும் மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டிக்கு இதே காரைக் கொண்டுபோனால் இந்தப் பிரச்சினையைச் சந்திக்கவே மாட்டீர்கள். அங்கே ஏற்றமே பாதி பிரேக், தூரமும் கொஞ்சம். சுற்றிச் சுற்றி ஓடும் தட்டையான தடம்தான் பிரேக்கைச் சமைக்கிறது.

இனி உங்கள் சிவப்புக் கலிப்பருக்கு வருவோம். முதல் சுற்றில், பிரேக் குளிர்ந்திருக்கும்போது ஓங்கி மிதித்தால் டயர் சுழலாமல் பூட்டிக்கொள்கிறதா, அல்லது அப்படிப் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருந்தால் அது துடிக்கிறதா? ஆம் என்றால், டயர் தாங்கக்கூடிய முழுப் பலமும் உங்கள் பிரேக்கில் ஏற்கனவே இருக்கிறது. பெரிய கலிப்பர் நிறுத்தும் தூரத்தைக் குறைக்கப் போவதில்லை. அதைக் குறைப்பது நல்ல டயர். பெரிய டிஸ்க் கொடுப்பது வெப்பத்தைத் தாங்கும் கொள்ளளவு மட்டும்தான், அந்த வேலையின் பெரும்பகுதியை நல்ல ஒயிலும் பேடும் செய்துவிடும்.

இலாபம் இல்லாததோடு நட்டமும் வரலாம். பிஸ்டன்களின் மொத்தப் பரப்பு கூடினால் பெடல் அமத்தும் அதே மாஸ்டர் சிலிண்டர் அதிக ஒயில் தள்ள வேண்டும், பெடல் நீளும். முன்னுக்குப் பலம் கூடிப் பின்னுக்கு அப்படியே இருந்தால் முன் டயர் முன்கூட்டியே பூட்டும், பின் டயர் சும்மா உருளும். கார் நிற்க எடுக்கும் தூரம் கூடவும் கூடும். ஸ்விஃப்டின் சாதாரண ரிம்முக்குள் அந்தக் கலிப்பர் அடங்குமா என்பது அடுத்த தலையிடி. பிரெம்போ என்று எழுத்துப் பதித்த போலிகளும் உலகெங்கும் திரிகின்றன. சந்தைத் தட்டில் பெட்டி, பத்திரம் எதுவும் இல்லாமல் கிடக்கும் பாவித்த கலிப்பரில் உயிரைக் கட்டித் தொங்கவிடாதீர்கள்.

பின் ட்ரம்மைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. இவ்வளவு இலேசான, முன் சில்லில் ஓடும் காரில் பின் பிரேக்குக்கு வரும் பாரம் குறைவு. ட்ரம்முக்குள் உரசும் லைனரைப் பாருங்கள், அங்குள்ள சிலிண்டரில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள், இடைவெளியைச் சரிசெய்யுங்கள். ட்ரம் தளர்ந்திருந்தால் குளிரிலேயே பெடல் நீளும், அதை ஒயிலின் குற்றம் என்று நினைத்துவிடுவீர்கள். கழற்றும்போது தூசியை ஊதாதீர்கள். பழைய லைனர்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். பிரேக் கிளீனர் தெளித்து, ஈரத் துணியால் துடையுங்கள்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் மூடாமல் வைத்த உப்புப் போத்தலைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். கொழும்புக் காற்றில் ஈரம் ஆண்டு முழுவதும் இருக்கிறது. போத்தலில் DOT என்று எழுதியிருப்பது ஒயிலின் தரம். நியமப்படி டொட் 3 ஒயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக 205 பாகை, 3.7 வீதம் நீர் கலந்தால் 140. டொட் 4 என்றால் 230, நீர் கலந்தால் 155. டொட் 5.1க்கு 260, 180. கடைசியாக எப்போது மாற்றியது என்று உங்களுக்கே நினைவில்லாத ஒயில் இரண்டாவது எண்ணுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். ட்ராக்குக்கு நல்ல டொட் 4 அல்லது 5.1 போதும். இன்னும் மேலே போக நினைத்தால் மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்ற பந்தய ஒயில்கள் புதிதாக இருக்கையில் 300 பாகைக்கு மேல் தாங்கும், ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டும். டொட் 5 என்று மட்டும் எழுதியிருப்பதைத் தொடாதீர்கள். அது சிலிக்கன் ஒயில், 5.1க்கும் அதற்கும் பெயரில்தான் உறவு. முன்பே திறந்த போத்தலையும் வாங்க வேண்டாம். முழுவதும் மாற்ற ஒரு லீற்றர் தாராளமாகப் போதும்.

வேலையில் முதல் வில்லங்கம், பழைய ஒயிலை வெளியே விடும் நிப்பிள். மரீன் டிரைவ் பக்கம் நிறுத்திவைக்கும் காரில் உப்புக்காற்று பட்டுப் பட்டு பிளீடர் நிப்பிள் கலிப்பரோடு துருவால் ஒட்டியிருக்கும். திறந்த வாய் ஸ்பானரை வைத்து இழுத்தீர்களானால் அதன் மூலைகள் மழுங்கி வட்டமாகிவிடும், பிறகு கலிப்பரையே கழற்ற வேண்டிவரும். முதல் நாள் இரவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள். காலையில் அறுகோண சொக்கெட் போட்டு, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு, பிறகு திறக்கும் பக்கம். அசையவில்லை, வழுக்குகிறது என்று கை உணர்ந்தால் அங்கேயே நிறுத்தி கராஜுக்குக் கொண்டுபோங்கள். இதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை.

நிப்பிள் திறந்ததும் அதில் ஒரு தெளிவான டியூப்பை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் புது ஒயில் ஊற்றிய போத்தலுக்குள் அமிழ்த்துங்கள். மச்சானை உள்ளே இருத்துங்கள். "அமத்து" என்றால் அவர் மெதுவாக அமத்த வேண்டும், நீங்கள் நிப்பிளைத் திறக்க வேண்டும். மூடிய பிறகே அவர் காலை எடுக்கலாம். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரின் உட்பக்கம், வழக்கமாக பிஸ்டன் போகாத ஆழத்தில் துருவேறி இருக்கும். பெடலை அடிவரை அமத்தினால் ரப்பர் சீல் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழியும். நேற்றுவரை நன்றாக இருந்த பிரேக்கை வீட்டில் ஒயில் மாற்றியவர்கள் கெடுப்பது பெரும்பாலும் இப்படித்தான். வலப்பக்கம் ஓட்டும் காரில் மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் இருப்பதால், இடது பின் சில்லில் தொடங்கி, வலது பின், இடது முன், வலது முன் என்று வருவது வழக்கம். உங்கள் கையேடு வேறு ஒழுங்கு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். மேலே தொட்டியில் ஒயில் குறைய விடவே கூடாது. ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்றுப் போய்விட்டால் ஸ்கேனர் இல்லாமல் எடுப்பது கஷ்டம். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

இன்னொன்று: அடுக்குமாடியின் கீழ்த்தளச் சரிவில் ஜெக் போடாதீர்கள். சமதளத்தில், ஸ்டாண்ட் வைத்து, கழற்றிய சில்லையும் காரின் அடியில் தள்ளிவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும்.

பேட் வாங்க பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய பேடைக் கையோடு கொண்டுபோய், முதுகுத் தகட்டை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். நான் சொல்வது முழுப் பந்தய பேடை அல்ல. அது சூடேறாமல் பிடிக்காது, காலி வீதி நெரிசலில் முதல் மிதியிலேயே முன்னுக்குப் போகும் பஸ்ஸின் பின்புறம் உங்கள் முகத்துக்கு வந்துவிடும். வீதிக்கும் ட்ராக்குக்கும் நடுவில் நிற்கும் ரகம் வேண்டும்: ஃபெரோடோ டிஎஸ்2500, இபிசி யெல்லோஸ்டஃப் அந்த வகை. ஜப்பான் கார்களுக்கு எண்ட்லெஸ், புரொஜெக்ட் மியூ நிறுவனங்களும் செய்கின்றன. கூச்சலும் கருந்தூசியும் கூட வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மாற்றும்போது கழற்றிய கலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பி போட்டு ஸ்ப்ரிங்கில் கட்டுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது நிப்பிளைத் திறந்துவிட்டால், அழுக்கு ஒயில் ஏபிஎஸ் பக்கம் திரும்பாமல் வெளியே போகும். கலிப்பர் நகர்ந்து ஓடும் வழுக்கும் ஊசிகள் கையால் தள்ளினாலே ஓட வேண்டும். மேல் ஊசியும் கீழ் ஊசியும் ஒன்று போல இருக்காது, ஒன்றில் ரப்பர் புஷ் இருக்கலாம், இடம் மாற்றிப் போடாதீர்கள். சாதாரண மஞ்சள் கிரீஸ் பூசினால் ரப்பர் ஊதி ஊசி இறுகிவிடும். சிலிக்கன் பிரேக் கிரீஸ் மட்டுமே.

டிஸ்க் பற்றிச் சுருக்கமாக: துளை போட்டது வேண்டாம், சூட்டில் துளையோரம் வெடிப்பு விழும். நல்ல நிறுவனத்தின் சாதாரண, நடுவில் காற்றுப்பாதை உள்ள டிஸ்க்கே போதும். குறைந்தபட்சத் தடிப்பு டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பாடசாலையில் பழகிய வேணியர் இடுக்குமானியால் அளந்தால் ஓரத்தில் மேடிட்ட விளிம்பு ஏமாற்றும், உள்ளே தேய்ந்த இடத்தை அளக்க வேண்டும். ஸ்டீல் பின்னிய ஹோஸ் பெடலை உறுதியாக்கும், கொதிப்பைத் தடுக்காது. பழைய ரப்பர் ஹோஸில் வெடிப்பிருந்தால் மாற்றுங்கள், செப்பு வாஷரும் கட்டாயம் புதியது.

வேலை முடிந்ததும் என்ஜினை ஓடவிட்டு, பெடலை அரை நிமிடம் இறுக்கி அமத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. உறுதியாக நின்றால் குறுக்கு வீதியில் மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டு, நிப்பிள்களைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று இன்னொருமுறை பாருங்கள்.

புது பேடைப் பழக்குவதற்கு 80, 90 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 20 வரை எட்டுப் பத்துத் தரம், முழுதாக நிறுத்தாமல் வேகத்தை இறக்க வேண்டும். இதை தெற்கு அதிவேகப் பாதையில் செய்து பின்னால் வருபவரைக் கொல்லாதீர்கள். ட்ராக்கின் முதல் சுற்றுகளை இதற்கு ஒதுக்கி, பிறகு ஆறவிடுங்கள். ஒரு தடவையில் நாலைந்து வேகச் சுற்றுக்கு மேல் வேண்டாம். கடைசிச் சுற்றில் பிரேக்கைத் தொடாமல் காற்றுப்பட ஓட்டி வாருங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். சூடான ட்ரம் ஆறிச் சுருங்கும்போது உள்ளே லைனர் ஒட்டியிருக்கும் ஷூவைக் கவ்விக்கொள்ளும். கியரில் விட்டு, டயருக்குக் கல் வையுங்கள்.

காப்புறுதிப் பத்திரத்தையும் போகுமுன் வாசியுங்கள், பந்தயமும் வேகச் சோதனையும் பொதுவாக அதில் விலக்கப்பட்டிருக்கும். வந்த பிறகு பேடின் தடிப்பைப் பாருங்கள். பாதிக்குக் கீழே தேய்ந்த பேடோடு அடுத்த முறை இறங்க வேண்டாம். மெலிந்த பேட் டிஸ்க்கின் சூட்டை நேரே பிஸ்டனுக்குக் கடத்தும், புது ஒயிலும் கொதிக்கும்.